திருடுபோன சாமியின் கைரேகை

சார்லஸ் டிக்கன்ஸ் லண்டனில் நடத்திவந்த வார இதழில், 1868 ஜனவரி முதல் ஆகஸ்டு வரை ஒரு தொடர்கதை வெளிவந்தது. வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி மூன்ஸ்டோன்’. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களின் முன்னோடிகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் கதை தொடங்குவது நம் பக்கத்தில். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்த நாளில், திப்பு சுல்தானின் ஆயுதக் கிடங்கிலிருந்து ஓர் ஆங்கில அதிகாரி ஒரு மஞ்சள் வைரத்தை அபகரிக்கிறார். ஒருகாலத்தில் சந்திர தேவனின் சிலையின் நெற்றியில் பதிந்திருந்த கல் அது. அரை நூற்றாண்டு கழித்து, இங்கிலாந்தில் ஓர் இளம்பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்து சேரும் அந்தக் கல், அன்று இரவே காணாமல் போகிறது.

துப்பறிய வருபவர் சார்ஜன்ட் கஃப். அந்தப் பெண்ணின் அறைக் கதவில் புதிதாகப் பூசிய பெயின்டில் ஒரு சின்னத் தேய்ப்பு இருக்கிறது. மற்றவர்கள் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அவரோ அங்கேயே நின்றுவிடுகிறார். பெயின்ட் எத்தனை மணிக்குப் பூசப்பட்டது, காய எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தால், உடை உரசிய நேரம் தெரிந்துவிடும். கறை படிந்த உடை கிடைத்தால் உடுத்தியவர் கிடைப்பார். மனிதர்கள் பொய் சொல்லலாம், மறக்கலாம். பொருள்கள் தம்மீது நடந்ததைத் தம்மீதே எழுதி வைத்துக்கொள்கின்றன. இன்றைய தடய அறிவியல் முழுவதும் நிற்பது இந்த நம்பிக்கையின் மேல்தான்.

காலின்ஸ் தன் முன்னுரையில் இரண்டு வைரங்களைக் குறிப்பிடுகிறார். ஒன்று கோஹினூர். மற்றொன்று ரஷ்யப் பேரரசின் செங்கோலில் பதித்த கல். ஓர்லோவ் என்று பெயர். சுமார் 190 காரட், பாதி முட்டையை நிறுத்திவைத்தது போன்ற வடிவம், லேசான நீலப்பச்சைச் சாயல். இப்போது மாஸ்கோவில் கிரெம்ளின் கருவூலத்தில் இருக்கிறது. இந்தக் கல்லைப் பற்றி ஐரோப்பாவில் நெடுங்காலமாக ஒரு கதை சொல்லப்பட்டு வந்தது. அது ஸ்ரீரங்கம் பெருமாளின் கண்ணில் இருந்ததாம். பிரெஞ்சுப் படையை விட்டு ஓடிய சிப்பாய் ஒருவன் பக்தனாக நடித்து, உள்ளே நுழைந்து, அதைப் பெயர்த்துக்கொண்டு சென்னைக்கு ஓடி ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவனிடம் விற்றானாம். இதற்குச் சான்று ஏதும் கிடையாது. ஆனால் கதை முளைத்த மண் நிஜமானது. 1752இல் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவில் முற்றுகைக்குள் சிக்கிச் சரணடைந்தது. அதே ஆண்டில் ராபர்ட் கிளைவ் கடற்கரையோரம் கோவளம் கோட்டையையும், உள்ளே செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். கோயில் மதில்களுக்குள்ளேயே அந்நியப் படைகள் முகாமிட்ட காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் எது எங்கே போனது என்று எழுதி வைக்க யாரும் இல்லை.

வைரத்துக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. நாவலில் வரும் அதிகாரிக்கு அது நன்றாகத் தெரியும். தன்னை யாராவது கொன்றால் கல்லை ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பி, நான்கு முதல் ஆறு துண்டுகளாக அறுத்துவிட வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்திருக்கிறார். அறுத்துப் பட்டை தீட்டிவிட்டால் பழைய வைரம் என்ற ஒன்று உலகத்தில் இல்லை. கிட்டத்தட்ட முழுக்கக் கரியால் ஆன பொருள்; அதில் கலந்திருக்கும் பிற தனிமங்கள் மிக மிகச் சொற்பம். இது எந்த ஊர்க் கல் என்று அதனிடமிருந்தே கேட்டறிவது இன்றைக்கும் கடினமான வேலை.

தமிழ்நாட்டின் மிகப்பெரிய கோயில் செல்வம் வைரம் அல்ல. அது செப்புத் திருமேனிகள். திருடர்கள் நெடுங்காலமாகக் குறிவைப்பதும் அவற்றைத்தான். வைரத்துக்கு இல்லாத ஒரு வல்லமை அவற்றுக்கு உண்டு. ஒவ்வொரு திருமேனியும் தன் பிறப்பையும் தான் கிடந்த இடத்தையும் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களில் ஒரு கூட்டம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே சிறிது தூரத்தில், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தது. அவர்கள் செய்ததைப் புரிந்துகொள்ள, முதலில் லண்டன் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

கரையான் சொன்ன சாட்சி

1976இல் தஞ்சை மண்ணில், பத்தூர் என்ற ஊரில், இடிந்த சிவன் கோயில் அருகே மண்ணைத் தோண்டிய விவசாயக் கூலி ஒருவருக்குச் செப்புத் திருமேனிகள் சில தட்டுப்பட்டன. அவற்றில் ஒன்று நடராஜர். அது கை மாறிக் கை மாறி லண்டனுக்குப் போயிற்று. 1982இல் கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் என்ற நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. சுத்தம் செய்வதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கொடுத்திருந்தபோது லண்டன் போலீஸ் அதைக் கைப்பற்றியது. வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் மட்டுமா நின்றன? பத்தூர் கோயிலும் நின்றது. அங்கிருந்த சிவலிங்கமும் உரிமை கோரியது.

கேள்வி மிக எளிமையானது. லண்டனில் இருக்கும் இந்த நடராஜர்தான் பத்தூரில் தோண்டியெடுத்த நடராஜரா? தோண்டியபோது யாரும் படம் எடுக்கவில்லை. திருடிய பொருளுக்குப் பில் கிடையாது. ஆகவே பொருளையே சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது.

தமிழ்நாடு தொல்லியல் துறையின் முதல் இயக்குநர் இரா. நாகசாமி லண்டன் சென்று சாட்சியம் சொன்னார். அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு இந்த நடராஜரை ஒப்பிட்டு, வார்ப்பு மரபையும் வேலைப்பாட்டையும் விளக்கினார். உலோகம் அறிந்தவர்கள் வந்தார்கள். மண் அறிந்தவர்கள் வந்தார்கள். கரையானைப் பற்றித் தெரிந்தவர்களும் வந்தார்கள்.

கரையானுக்கு இங்கே என்ன வேலை? வெளிச்சமும் வறட்சியும் அதற்கு ஆகாது. மண் துகளை எச்சிலோடு குழைத்து, மேலே கூரை போட்ட பாதை கட்டிக்கொண்டுதான் அது நடமாடும். புதைந்து கிடக்கும் செப்பு அதற்கு உணவல்ல; ஆனால் வழியில் தட்டுப்பட்டால் அதன் மேலேயும் பாதை கட்டும். கட்டுமானப் பொருள் அக்கம்பக்கத்து மண்தான். எனவே திருமேனியில் ஒட்டியிருக்கும் கரையான் தடம், அது எந்த மண்ணில் கிடந்தது என்பதற்கு அந்த மண்ணாலேயே எழுதிய சீட்டு. லண்டன் நடராஜரில் ஒட்டியிருந்த மண்ணும் தடங்களும், பத்தூரில் கிடைத்த பிற திருமேனிகளில் இருந்தவற்றோடு ஒப்பிடப்பட்டன. 1988இல் தீர்ப்புக் கோயிலுக்குச் சாதகமாக வந்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கோயில் ஒரு வழக்காளியாக நிற்கலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டே நடராஜர் ஊர் திரும்பினார்.

இதையெல்லாம் மண் சொன்னது. மண் புறச் சாட்சி, கழுவினால் போய்விடும். திருடர்களும் இதைக் கற்றுக்கொண்டார்கள். கழுவிப் போக்க முடியாத சாட்சி உலோகத்துக்குள்ளேயே இருக்கிறது.

உடைந்த அச்சில் பிறந்த ஒரே பிள்ளை

மாமல்லபுரத்தில் பல்லவர்கள் குடைந்த பாறைச் சிற்பங்களை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. குன்றோடு சேர்ந்தவை அவை. உற்சவ மூர்த்திகளின் கதை வேறு. அவை வெளியே வருவதற்கென்றே பிறந்தவை. கருவறைக்குள் வர இயலாதவர்களுக்கும் காட்சி தர, தேரிலும் பல்லக்கிலும் வீதி வலம் வருகிற சாமி. தூக்கிக் கட்டுவதற்குப் பீடத்திலேயே துளைகளும் வளையங்களும் வைத்து வார்த்திருப்பார்கள். எல்லோரையும் தேடிப் போகும் அந்த அருமையான ஏற்பாடுதான் திருடனுக்கும் வசதியாகப் போயிற்று.

இவை பெரும்பாலும் கனவார்ப்பு. உள்ளே வெற்றிடமின்றி முழுக்க உலோகம். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சி, அந்த மெழுகில் ஸ்தபதி கையாலேயே உருவத்தைச் செய்வார். அதன்மேல் நைசாக அரைத்த வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசுவார்; விரல் நகத்தின் கோடுகூட அதில் பதியும். பிறகு தடித்த மண் பூச்சு, கம்பிக் கட்டு. காய்ந்ததும் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். குளிர்ந்த பின் மண் அச்சை உடைத்தால்தான் திருமேனி வெளியே வரும்.

மெழுகு போயிற்று, அச்சும் போயிற்று. அதே உருவத்தை இன்னொரு முறை வார்க்க வேண்டுமானால் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒரே ஸ்தபதி, ஒரே அளவுக் கயிறு, ஒரே தியான சுலோகம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டாவது உருவம் முதலாவதாக இருக்காது. ஒவ்வொன்றும் ஒற்றைப் பிள்ளை.

வெளித்தோற்றத்தைவிட ஆழமான வேறுபாடு உள்ளே இருக்கிறது. கொதிக்கும் உலோகம் அச்சுக்குள் பாயும்போது காற்றுக் குமிழிகள் அங்கங்கே மாட்டிக்கொள்ளும். இறுகும்போது உலோகம் சுருங்கும். கடைசியாக இறுகும் பகுதிகளில் சிறு பள்ளங்கள் விழும். எங்கே விழும், எவ்வளவு பெரிதாக விழும் என்பதை ஸ்தபதியே தீர்மானிக்க முடியாது. அன்றைய சூடு, ஊற்றிய வேகம், மண் பூச்சின் கனம், காற்றின் ஈரம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்பவை அவை. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு நாளில், சில நிமிடங்களில் நடந்தது, கண்ணுக்குத் தெரியாத புள்ளிக் கோலமாக அந்த உடம்புக்குள் உறைந்துபோயிருக்கிறது. நகல் எடுப்பவர் முகத்தைப் பார்த்துச் செய்யலாம், பீடத்தைப் பார்த்துச் செய்யலாம். உள்ளே இருக்கும் குமிழிகளை அதே இடங்களில் வைக்க எவராலும் முடியாது.

உலைக்கூடத்து வித்தை

இந்தப் புள்ளிக் கோலத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் சாமியை வெட்டக் கூடாது, துளையிடக் கூடாது, கண்ணில் படும்படி ஒரு கீறல்கூட விழக் கூடாது. கேட்டால் நடக்காத காரியம் போலத் தோன்றும். கல்பாக்கத்தில் இருந்தவர்களுக்கு இது அன்றாட வேலை.

இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1971இல், பழைய டச்சுக் கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய கடற்கரையில் தொடங்கப்பட்டது. அங்கே 1985இல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையில் வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியம். தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் பொருள் அது. குழாயின் பற்றவைப்பில் மயிரிழை விரிசல்கூட இருக்கக் கூடாது. இருக்கிறதா என்று பார்க்கக் குழாயை அறுக்கவும் கூடாது. ஆகவே பொருளைச் சிதைக்காமல் அதன் உள்ளத்தை அறியும் முறைகளில் அந்த மையம் தேர்ச்சி பெற்றது. அந்தத் துறையை அங்கே வளர்த்தவர்களில் முக்கியமானவர் பல்தேவ் ராஜ். பிற்காலத்தில் மையத்தின் இயக்குநரானவர். அவரும் அவருடைய சக விஞ்ஞானிகளும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தோடு சேர்ந்து, உலைக்குழாய்களைப் பரிசோதித்த அதே கருவிகளைச் செப்புத் திருமேனிகளின் பக்கம் திருப்பினார்கள். நோக்கம் தெளிவானது. ஒவ்வொரு திருமேனிக்கும் மாற்ற முடியாத ஓர் அடையாளப் பதிவு எடுத்து வைப்பது. சி.வி. சுந்தரம், ராஜகோபாலன் ஆகியோருடன் சேர்ந்து பல்தேவ் ராஜ் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார்.

முதல் முறை ஊடுகதிர்ப் படம். கன உலோகத்தைத் துளைக்க மருத்துவமனை எக்ஸ்ரே போதாது. அதைவிட ஆற்றல் மிக்க எக்ஸ்கதிர்களோ, கதிரியக்கப் பொருள்கள் உமிழும் காமாக் கதிர்களோ வேண்டும். படத்தில் குமிழிகளும் சுருக்கப் பள்ளங்களும் தெரியும். பிற்காலத்தில் ஒட்டவைத்த கை, உள்ளே செருகிய இரும்புக் கம்பி, பழுது பார்த்த இடம் எல்லாம் தெரியும்.

இரண்டாவது, எக்ஸ்கதிர் ஒளிர்வு. திருமேனியின் மேல் எக்ஸ்கதிரைப் பாய்ச்சினால், அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்கதிரைத் திருப்பி உமிழும். செம்பு எவ்வளவு, வெள்ளீயம் எவ்வளவு, காரீயம் எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று தொடாமலே கணக்குக் கிடைக்கும். நாகத்தின் அளவு மிகவும் பேசும். சோழர் காலத் திருமேனிகளில் அது குறைவு. பிற்காலத்து வார்ப்புகளில் பித்தளை சேர்ப்பதால் கூடுதல். ஆயிரம் ஆண்டுப் பழமை என்று விலை சொல்லும் சிலையில் நாகம் தாராளமாக இருந்தால், விற்பவரிடம் கேட்கக் கேள்விகள் இருக்கின்றன.

மூன்றாவது முறை எனக்கு எல்லாவற்றிலும் அழகானதாகத் தோன்றுகிறது. பீடத்தின் அடியில், கண்ணில் படாத ஓரிடத்தில், சில மில்லிமீட்டர் அகலத்துக்கு மட்டும் மேற்பரப்பைக் கண்ணாடி போல மெருகேற்றுகிறார்கள். அதில் துளி அமிலக் கரைசலைத் தொட்டு எடுக்கிறார்கள். உலோகத்தின் படிகங்கள் அமிலத்துக்குச் சமமாக இணங்குவதில்லை. சில கொஞ்சம் கரையும், சில கரையாது. அங்கே நுண்ணிய மேடுபள்ளம் உண்டாகும். அதன்மேல் இளக வைத்த மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, காய்ந்ததும் உரித்தெடுத்தால் மேடுபள்ளம் படலத்தில் பதிந்துவிடும். சாமி கோயிலிலேயே இருக்கலாம். படலம் மட்டும் நுண்ணோக்கிக்குப் போகும். அதில் தெரிவது கிளைவிட்டுக் கிளைவிட்டுப் படர்ந்த மரக் காடு போன்ற படிகங்கள். மெதுவாகக் குளிர்ந்திருந்தால் கிளைகளுக்கிடையே இடைவெளி அதிகம். சட்டென்று குளிர்ந்திருந்தால் நெருக்கம். கிளைகளுக்கு நடுவே கரையாமல் ஒதுங்கிய காரீயம் கரும்புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். அந்த அச்சு எந்த வேகத்தில் ஆறியது என்பதைப் பெயர் தெரியாத அந்தப் பட்டறையிலிருந்து இந்தப் படலம் நமக்குக் கொண்டுவந்து தருகிறது.

போலியைப் பிடிக்கவும் இது உதவும். பல நூற்றாண்டு மண்ணில் கிடந்த செம்பில் பச்சைக் களிம்பு மேலே மட்டும் நிற்காது. படிக எல்லைகளின் வழியே உள்ளே இறங்கியிருக்கும். அமிலம் தடவிச் சில வாரங்களில் பழசாக்கிய சிலையில் களிம்பு மேலோடு நின்றுவிடும்.

கடற்கரை மணலில் பிறக்கும் ஈயம்

குமிழியும் படிகமும் தனி ஆளை அடையாளம் காட்டும். குலத்தை அடையாளம் காட்டுவது காரீயம்.

கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் கரையில் அலை பின்வாங்கும்போது மணலில் கறுப்பு வரிகள் விழுவதைப் பார்க்கலாம். கனமான தாதுக்கள் ஒதுங்கும் இடங்கள் அவை. இந்தக் கரை மணலில் மோனசைட் என்ற பழுப்பு மஞ்சள் தாது இருக்கிறது. அதற்குள் தோரியம் இருக்கிறது. இந்தப் பகுதியின் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு அதுதான் காரணம். தோரியம் சிதைந்துகொண்டே போய்க் கடைசியில் காரீயமாக முடிகிறது. ஒரு பிடி தோரியத்தில் பாதி ஈயமாக மாற ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். நாம் காலாற நடக்கும் மணலில், இந்த நொடியிலும், அணு அணுவாக ஈயம் பிறந்துகொண்டிருக்கிறது.

இப்படிப் பிறக்கும் ஈயத்தின் நிறை எண் 208. யுரேனியத்தின் ஒரு வகை சிதைந்தால் 206 வரும். அது பாதியாவதற்கு 447 கோடி ஆண்டுகள். இன்னொரு வகை சிதைந்தால் 207. அதற்கு 70 கோடி ஆண்டுகள். 204 என்ற ஈயம் மட்டும் எதிலிருந்தும் பிறப்பதில்லை. பூமி உருவான நாளிலிருந்து அளவு மாறாமல் இருக்கிறது. ஒரு பாறையில் முதலில் எவ்வளவு யுரேனியமும் தோரியமும் இருந்தன, ஈயத் தாது எந்தக் காலத்தில் தனியாகப் பிரிந்து படிந்தது என்பதைப் பொறுத்து, இந்த நான்கின் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். சுரங்கத்தில் வெட்டினாலும், உலையில் உருக்கினாலும், செம்போடு கலந்து சிவனாக வார்த்தாலும் அந்த விகிதம் மாறாது. நான்கும் வேதியியலில் ஒன்றுபோலவே நடந்துகொள்வதால் எந்த நெருப்பும் அவற்றைப் பிரிப்பதில்லை. ஊசிமுனையளவு உலோகத் துகள் போதும், நிறைமாலைமானி என்ற கருவி அந்த விகிதத்தைச் சொல்லிவிடும்.

சாரதா ஸ்ரீநிவாசன் 1990களில் இந்த வழியில் தென்னிந்தியத் திருமேனிகளை ஆராய்ந்தார். காலம் ஓரளவு உறுதியாகத் தெரிந்த திருமேனிகளின் ஈய விகிதத்தையும், மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் பிற தனிமங்களையும் அளந்து, எந்தக் காலத்து வார்ப்புகள் எந்தக் கூட்டத்தில் சேர்கின்றன என்று வகைப்படுத்தினார். அதிலிருந்து அவர் வந்தடைந்த முடிவுகளில் ஒன்று, நடராஜர் வடிவத்தைப் பற்றியது. ஆனந்தத் தாண்டவ மூர்த்தியைச் செம்பில் வார்த்தது சோழர் காலத்தில்தான் தொடங்கியது என்பதே அதுவரை பரவலான கருத்து. சில நடராஜர்களின் உலோகம் பல்லவர் காலக் கூட்டத்தோடு பொருந்துகிறது, எனவே அந்த மரபு ஒன்பதாம் நூற்றாண்டுக்கே போகிறது என்று அவர் வாதிட்டார். மாமல்லபுரத்தில் பாறையைக் குடைந்த அரச மரபின் ஆட்சிக்குள்ளேயே அந்த நடனம் செம்பில் தொடங்கியிருக்கலாம் என்பதைச் சொன்னது சாசனம் அல்ல, ஈயம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பழைய பாத்திரத்தையும் உடைந்த திருமேனியையும் புதிய உலோகத்தோடு சேர்த்து உருக்கினால் விகிதங்கள் குழம்பும். ஒரே சுரங்கத்து ஈயம் பல ஊர்களுக்குப் போயிருக்கும். அதனால்தான் ஒரே சோதனையை நம்பி யாரும் நிற்பதில்லை. குலம் சொல்ல ஈயம், ஆள் சொல்லக் குமிழி, இடம் சொல்ல மண், கை சொல்ல வேலைப்பாடு. நான்கும் ஒரே பக்கம் கை நீட்டும்போது மறுக்க ஆளிருக்காது.

பதிவேடு இல்லாத ரேகை

கைரேகையைக் கொண்டு குற்றவாளியைப் பிடிக்கும் முறை நடைமுறையில் முதலில் வேரூன்றிய இடங்களில் நம் நாடும் ஒன்று. வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள் ரேகைகளை வகைப்படுத்தும் வழியை உருவாக்கினார்கள். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் தொடங்கியது. லண்டன் போலீஸுக்கு அது 1901இல்தான் போய்ச் சேர்ந்தது. அவர்களின் பெரிய சாதனை ரேகை தனித்தன்மை வாய்ந்தது என்று கண்டதில் இல்லை; அது முன்பே தெரிந்திருந்தது. ஆயிரக்கணக்கான ரேகைகளை அடுக்கி வைத்து, வேண்டியபோது சில நிமிடங்களில் எடுக்கும்படி செய்தார்கள். ஒப்பிடுவதற்குப் பதிவேடு இல்லையென்றால் கைரேகை வெறும் கறை.

திருமேனிகளுக்கும் இதே கதைதான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அது எப்படி வெளிப்பட்டது? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய்க் கோயில் திருமேனிகளைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். திருட்டுக்கு முன் 1994இல் எடுத்த ஸ்ரீபுரந்தான் படம் அந்தக் காப்பகத்தில் இருந்தது. கலைக்கூடத்தில் நின்ற நடராஜரையும் பழைய படத்தையும் அருகருகே வைத்தபோது வாதம் முடிந்துவிட்டது. 2014இல் ஆஸ்திரேலியப் பிரதமரே அதை இந்தியாவிடம் ஒப்படைத்தார்.

ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கோடிக்கணக்கான ரூபாய்ப் பொருளை மீட்டுத் தந்தது என்றால், ஊடுகதிர்ப் படமும் உலோகக் கணக்கும் படிக அச்சும் சேர்ந்த முழுப் பதிவு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். களவாடியவர் திருமேனியைக் கழுவலாம், பீடத்தை அறுக்கலாம், எழுத்துகளைத் தேய்க்கலாம், பொய்யான வாங்கல் சீட்டு எழுதலாம். உள்ளே உறைந்த குமிழிகளை மாற்ற வேண்டுமானால் திருமேனியையே உருக்க வேண்டும்; உருக்கினால் அதற்கு விலையில்லை. வைரத்தைத் துண்டாக்கினாலும் காசாக்கலாம். திருமேனியை அடையாளம் அழித்துக் காசாக்க வழியே இல்லை. திருடனுக்கு எதிராக இயற்கையே நமக்குக் கொடுத்திருக்கும் ஆயுதம் இது.

நூறாண்டைக் கடந்த தொன்மைப் பொருள்களைப் பாதுகாக்க 1972இல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983 முதல் இருக்கிறது. பாதுகாப்பு மையங்களில் ஆயிரக்கணக்கான திருமேனிகள் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. இவை அனைத்தும் தேவையான காரியங்கள். ஆனால் பூட்டு, திருட்டு நடக்கும் வரைதான் காவல். நடந்த பிறகு பேசுவது பதிவு மட்டுமே. திருட்டுக்குப் பின்னால் அந்தப் பதிவை எடுக்க முடியாது என்பதுதான் இதில் மிகக் கவலை தரும் உண்மை. சாமி வீட்டில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும்.

இதைத் தொடங்கச் செங்கல்பட்டு மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கல்பாக்கத்தில் வித்தை தெரிந்த விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கும் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில் வார்ப்பும் சிற்ப சாஸ்திரமும் கற்ற பிள்ளைகள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். சுற்றிலும் தலசயனப் பெருமாள் கோயில், திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரர் கோயில் என்று தொடங்கி, ஒரு கால பூசை மட்டும் நடக்கும் சிற்றூர்க் கோயில்கள் வரை உற்சவ மூர்த்திகள் இருக்கிறார்கள். கையில் பிடிக்கும் எக்ஸ்கதிர்க் கருவியோடு ஒரு வேன் ஊர் ஊராகப் போகலாம். ஆகமம் அனுமதிக்கும் நேரத்தில், அர்ச்சகர் அருகிலிருக்க, அவர் கையாலேயே திருமேனியை எடுத்து வைத்துப் பதிவு செய்யலாம். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. ஒரு தலைமுறை செய்தால் போதும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கோயிலில் அடுத்த புறப்பாட்டின்போது, அலங்காரத்துக்கு முன்போ பின்போ, நிர்வாகத்தாரிடமும் அர்ச்சகரிடமும் கேட்டு, திருமேனியை நான்கு பக்கமும், பீடத்தையும், அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். தேதியைக் குறித்து, ஒரு பிரதியைக் கோயிலிலும் ஒன்றை வெளியூரிலும் வையுங்கள். விரல் ஒடிந்த இடம், தேய்ந்த மூக்கு, பீடத்து விரிசல் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுங்கள். நீதிமன்றத்தில் பேசுவது அழகு அல்ல, தழும்பு. ஸ்ரீபுரந்தானைக் காப்பாற்றியது இவ்வளவுதான்.